மீதி கறிக்கு

அன்றைக்கு வளவில் இருந்தவர்கள்: நான், என் பத்து வயது மகள், ஏழு வயது மகன், மச்சினியின் எட்டு வயது மகன், வேலியோரம் கட்டியிருந்த ஆடு. ஆட்டையும் எழுதுவதற்குக் காரணம், யார் வந்தது என்று குறிக்க மகள் வைத்திருந்த வரவு இடாப்பில் அதற்கும் ஒரு வரி இருந்ததுதான்.

ஆகஸ்ட் விடுமுறை. மனைவியும் அவளுடைய தங்கையும் விடியவே கார்மென்ட்ஸ் பஸ்ஸில் போய்விடுவார்கள். எங்கள் பக்கத்தில் வீட்டைப் பெண்பிள்ளைகளுக்குத்தான் எழுதிக் கொடுப்பார்கள். அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே வளவில் இரண்டு வீடு. அதனால் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் பகல் முழுக்க என் பொறுப்பு. நான் வாவியில் வலை போடுகிறவன். பின்னேரம் போட்டு, இருட்டோடு எடுத்து, மீனைக் கொடுத்துவிட்டு அவர்கள் பஸ் ஏறுமுன் வீட்டில் நிற்பேன்.

எனக்குப் பயம் கொஞ்சம் கூட. கிணற்றுக்கு மேல் பழைய வலையை இரண்டு மடிப்பாகப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தேன். வாவிப் பக்கம் போகக் கூடாது, முதலை. ரோட்டுக்குப் போகக் கூடாது, டிப்பர் லொறி. மாமரத்தில் ஏறக் கூடாது, முசுறு எறும்பு.

"மறுகா என்னதான் செய்யிற? மூச்சு விடலாமா?" என்று கேட்டான் மகன்.

"விடு மனே. ஓடி ஓடி விடாத."

அப்படித்தான் ரியூசன் தொடங்கியது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்புக்கு ஒரு வருடமாக அலைந்தவள் மகள். விளையாட்டும் அவளுக்கு அதுதான். அவள் மிஸ். மச்சினியின் மகன் ரியூசன் முதலாளி, காசு வாங்குகிறவர். மகன் மணி அடிக்கிறவன். படிக்க மட்டும் ஒருவரும் இல்லை. வருடம் முழுக்கப் படித்துவிட்டோம், லீவிலும் ஏலாது என்றார்கள். மிஞ்சியது நானும் ஆடும். ஒரு நாளுக்கு இருபது ரூபா. ஆட்டுக்கு இலவசம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ஆறாம் ஆண்டோடு நின்றவன். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை. கூரை போட்டபோது நான் தோணியில் இருந்தேன். ஆனால் மகளிடம் பதினோராம் ஆண்டு, ஓ.எல் வரை படித்ததாகச் சொல்லிவைத்திருந்தேன். உண்மை தெரிந்தால், அப்பாவே படிக்கவில்லை, எனக்கென்ன என்று கொப்பியை மூடிவிடுவாளோ என்று பயம். ஒவ்வொரு நாளும் அவளுடைய கணக்குக் கொப்பியை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்து, "கவனம்" என்று சொல்லிக் கையெழுத்து வைப்பேன். நான் பார்த்தது எழுத்தின் வடிவை மட்டும்தான்.

முதல் இரண்டு நாளும் சொல்வதெழுதல். தப்பினேன். மூன்றாம் நாள் பிரித்தல் கணக்கு. மீன்பெட்டியின் மூடி, தக்கை போன்ற வெள்ளை றெஜிபோம், அதுதான் கரும்பலகை. மகள் எழுதினாள்: ஐம்பத்து மூன்று மீனை நான்கு பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு எத்தனை? மீதி எத்தனை?

பங்கு வைப்பது என் தொழில். யோசிக்காமல் எழுதிக் கொடுத்தேன்: ஒருவருக்குப் பதின்மூன்று. மீதி கறிக்கு.

எங்கள் தோணியில் அப்படித்தான். பங்குக்குள் அடங்காத மீனை எண்ண மாட்டோம். அது தோணிக்காரர் வீட்டுச் சட்டிக்குப் போய்விடும்.

"பெரியப்பா கணக்குக்குள்ள சட்டிய வெச்சிட்டார்!" முதலாளி உருண்டு சிரித்தார்.

மிஸ் சிரிக்கவில்லை. "பதின்மூண்டு சரி. செய்கை எங்க?"

"தலைக்குள்ள இரிக்கி."

"சோதனையில தலைய வெட்டியா குடுப்பீங்க? சரி, இதச் செய்ங்க." எழுநூற்று நாற்பத்தைந்தை ஆறால் பிரிக்கச் சொன்னாள். அதில் மீனும் இல்லை, ஆளும் இல்லை. வெறும் இலக்கம்.

எழும்பினேன். "கிணத்து வலை கழண்டிட்டுதோ தெரியா. ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

"மிஸ்ஸக் கேட்டிட்டுத்தான் எழும்பணும். இருங்க."

இருந்தேன். ஏழுக்குக் கீழே ஆறைப் போட்டுக் கழித்தேன். பிறகு கை போன போக்கில் எழுதி நூற்று முப்பத்தொன்பது என்று முடித்தேன். அவள் என் கொப்பியைப் பார்த்தாள். உள்ளே போய்த் தன்னுடைய கணக்குக் கொப்பியை எடுத்து வந்து, நின்றபடியே பக்கங்களைத் தட்டினாள்.

"அப்பா, நான் பிழையாச் செஞ்ச கணக்குக்கும் கையெழுத்து வெச்சிரிக்கீங்க."

"கள்ளக் கையெழுத்து!" என்று மகன் மணியை அடித்தான்.

நடுவாவியில் கச்சான் என்ற மேல்காற்று தோணியைத் திருப்பும்போதுகூட நான் அப்படித் தடுமாறியதில்லை. சொன்னேன். "ஆறாம் ஆண்டு மட்டுந்தான் புள்ள."

மிஸ் பக்கம் தட்டுவதை நிறுத்தினாள்.

"அம்மாக்குத் தெரியுமா?"

"கலியாணத்துக்கு முதலே தெரியும்."

மகள் விரல் விட்டு எண்ணினாள். "நான் அஞ்சு. நீங்க ஆறு. என்னவிட ஒரு வகுப்புக் கூடத்தானே." பிறகு தன் கொப்பியை மூடினாள். நான் பயந்த மூடல் இல்லை அது; அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு றெஜிபோம் மூடியில் இருந்ததை அழித்தாள். "மீனெண்டு நினைங்க. ஏழு பெட்டி, ஒரு பெட்டிக்குள்ள நூறு மீன். ஆறு பேர். ஆளுக்கு எத்தின பெட்டி?"

"ஒண்டு. ஒரு பெட்டி மிச்சம். அது கறி…"

"கறிக்கு விடமாட்டன்! உடைங்க பெட்டிய. பத்துப் பத்தாக் கோருங்க."

பத்துக் கோர்வை. கணக்கில் நாற்பதுக்கு ஏற்கெனவே இருந்த நாலோடு பதினாலு. ஆளுக்கு இரண்டு, இரண்டு கோர்வை மிச்சம். அவற்றையும் அவிழ்த்தேன். இருபதும் ஐந்தும் இருபத்தைந்து மீன். ஆளுக்கு நாலு. மூடியில் நூற்று இருபத்து நாலு வந்து நின்றது, கீழே ஒன்று.

"இந்த ஒண்டத்தான் கறிக்கு எடுக்கலாம்" என்றாள்.

வலைத்தொழிலில் கண்ட மிச்சத்தையெல்லாம் நேரே சட்டிக்கு அனுப்பிப் பழகியவன் நான். உடைத்துக் கீழே இறக்கலாம் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.

பதினேழு நாள் வகுப்பு நடந்தது. பிள்ளைகள் வாவியைக் கேட்கவும் இல்லை, ரோட்டைக் கேட்கவும் இல்லை. நான்தான் மிஸ் தந்த வீட்டுவேலையைச் செய்யாமல் போய் இரண்டு தரம் முழங்காலில் நின்றேன். கிணற்று வலையின் ஒரு முடிச்சு அவிழ்ந்து கிடந்ததை நாலு நாள் கழித்துத்தான் கண்டேன். முடிச்சுக்கு மேல் மூன்று முடிச்சுப் போட்டேன்.

கடைசி நாள் சோதனை. ஒரே ஒரு கேள்வி: பதினேழு நாளுக்கு, நாளுக்கு இருபது ரூபாப்படி கட்டணம். அப்பா கட்டியது நூற்றைம்பது. பாக்கியை மிஸ், முதலாளி, மணிக்காரன் மூவருக்கும் பிரிக்க. செய்கை காட்டுக.

அரை மணித்தியாலம் எடுத்தது. ஆளுக்கு அறுபத்து மூன்று, மீதி ஒரு ரூபா.

"அந்த ஒரு ரூபா கறிக்கு!" என்று கத்தினான் மகன்.

மிஸ் பக்கத்தை மேலும் கீழும் பார்த்து, "கவனம்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். இப்போது அவளுடைய கொப்பியிலும் நான் வடிவை மட்டும் பார்ப்பதில்லை. போன கிழமை ஒரு பிழை பிடித்தேன்.

பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. காசை எடுத்துக் கொடுக்கப் போனபோது முதலாளி தடுத்தார். "முழுசாக் கட்டினா உங்கட பேர வெட்டிருவம் பெரியப்பா. மறுகா டிசம்பர் லீவுக்குப் புதுசாச் சேரணும். அனுமதிக்கு அம்பது ரூபா."

பெயரை வெட்ட விட எனக்கு மனமில்லை. கட்டாமல் வைத்திருக்கிறேன். பாக்கி நூற்றுத் தொண்ணூறு ரூபா.