அப்பா அறிவித்த ஒரே குறிக்கோள்

எங்கள் அப்பா திருவண்ணாமலையில் ஒரு சிறிய சபையின் போதகர். புத்தாண்டுக் காலை ஆராதனையில், அந்த வருஷத்துக்கான தம் ஆவிக்குரிய குறிக்கோள்களைச் சபையார் முன்பு அறிவிப்பார். வெள்ளிதோறும் உபவாசம், வேதாகமம் முழுவதையும் வாசித்து முடிப்பது, கிராமங்களில் ஜெபக்கூட்டம் என்று அது நீண்டுகொண்டே போகும். பொங்கலுக்குள் பாதி உதிர்ந்துவிடும் என்பது கர்த்தருக்கும் அம்மாவுக்கும் மட்டுமே தெரியும்.

தொண்ணூறுகளில், நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார். "எங்க அண்ணன்கிட்ட போய் மன்னிப்புக் கேக்கப்போறேன்."

பெரியப்பா அடி அண்ணாமலையில் இருந்தார். அவர் மகள் ஓர் இந்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டபோது, சபை என்ன பேசுமோ என்று அப்பா போகவில்லை. அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோயிருந்தது.

சபையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். செய்தி எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த பெரியப்பா நிமிரவில்லை.

"அண்ணா, நான் கல்யாணத்துக்கு வந்திருக்கணும்."

"வருஷா வருஷம் உனக்கு ஒரு குறிக்கோள் வேணும். இந்த வருஷம் நானா?" என்றார் பெரியப்பா. "என் வீட்டுக்கு வர்றதக்கூட மைக்குல சொல்லிட்டுத்தான் வரணுமாடா?"

பெரியம்மா கொடுத்த காபியை நான் மட்டும் குடித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபைச் செயலாளர் ஆவலோடு கேட்டார். "அண்ணன் என்ன சொன்னாருங்க பாஸ்டர்?"

"என்மேல தப்பு ஜாஸ்திங்க" என்றார் அப்பா. அதற்குமேல் அந்தப் பேச்சைச் சபையில் அவர் எடுக்கவே இல்லை.

ஆனால் திங்கள்தோறும் அடி அண்ணாமலைக்குப் போனார். பள்ளி விடுமுறையென்றால் நானும் போவேன். பெரியப்பா பேசமாட்டார். அப்பா பாட்டுக்குத் தண்ணீர் இறைத்து ஊற்றுவார், சாணி அள்ளுவார். ஒருநாள் கன்றுக்குட்டி திமிறியபோது, "கயித்தப் புடிடா" என்று பெரியப்பா கத்தினார். அப்பா ஓடிப்போய்ப் பிடித்தார். அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

கோடை விடுமுறையில் பெரியப்பா மகள், அந்த அக்கா, கைக்குழந்தையோடு வந்திருந்தாள். நெற்றியில் திருநீறு பூசிய அந்தப் பிள்ளையை அப்பா மடியில் வைத்துக்கொண்டு, கீழே விடவே இல்லை.

திரும்பும்போது கேட்டேன். "பாப்பாவுக்கு ஜெபம் பண்ணலியேப்பா?"

"தூக்கி வெச்சிருந்தேனேம்மா" என்றார்.

எனக்கு அது பதிலாகவே படவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையை அப்பா இன்னும் பெரியப்பாவிடம் சொல்லவே இல்லை; இந்த வருஷத்துக் குறிக்கோளும் போச்சு என்று வழியெல்லாம் வருத்தப்பட்டுக்கொண்டே வந்தேன்.