வியாழக்கிழமையில் ஒரு ஞாயிறு

தெருவில் அவனுக்குக் கடிகாரம் என்று பெயர். காலை எட்டு பத்துக்கு அவன் படியிறங்கினால் எதிர்வீட்டு டீச்சர் அலறியடித்துக்கொண்டு செருப்பைத் தேடுவாள். நாற்பத்தொரு வயது, மழுங்கச் சிரைத்த முகம், கழுத்து வரை போட்ட பட்டன். ஓரடி முன்னால் அவன் அக்கா. ஆறு வயது மூத்தவள், சீருடை தைக்கும் தொழிற்சாலையில் தையல்காரி. தம்பியை அட்டைப்பெட்டி மடிக்கும் பட்டறையில் விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகத் தன் வேலைக்குப் போவாள். ஏன் கல்யாணம் பண்ணிக்கவில்லை என்று கேட்டால் "நேரம் எங்க இருந்தது?" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

தம்பி மூன்று தடவை மனநல மருத்துவமனையில் இருந்தவன். இல்லாத ஆட்கள் அவனுக்குத் தெரிவார்கள், பேசுவார்கள். காலண்டர் எண்கள் அவனுக்கு உத்தரவு போடும். ஒரு பதினேழாம் தேதி சொன்னதைக் கேட்டு ரயில் பாதையோடு இரண்டு நாள் நடந்து, உள்ளங்கால் கிழிந்து கிடந்தவனை யாரோ கொண்டுவந்து சேர்த்தார்கள். மூன்றாவது தடவை வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த நர்ஸ் ஒரு பெரிய தாளில் தடித்த பேனாவால் அவனுடைய நாளை எழுதிக் கொடுத்தாள். ஐந்தரைக்கு எழுந்து பாயைச் சுருட்டணும். இரண்டு டிரம் தண்ணீர் பிடிக்கணும். ஏழே முக்காலுக்கு மாத்திரை, விழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டணும். எட்டு பத்துக்கு வேலை. ராத்திரி ஒன்பதுக்கு விளக்கை அணைக்கணும். ஞாயிறு மட்டும் வெளியே போக வேண்டாம், சட்டை துவைக்கணும், நகம் வெட்டணும். அதற்குக் கீழே அவளாகவே ஒரு வரி சேர்த்திருந்தாள்: அக்காவை எழுப்பக்கூடாது.

பாதி மாத்திரை, பாதி இந்தத் தாள் என்று ஆறு வருஷம் ஓடிவிட்டது. நான்காவது தடவை என்ற பேச்சே எழவில்லை. வீட்டில் காலண்டர் கிடையாது, டாக்டர் எடுக்கச் சொல்லிவிட்டார். அதனால் தினமும் பாயைச் சுருட்டியதும் அவன் முதல் வேலையாகக் கேட்பான்: "அக்கா, இன்னைக்கு என்ன கிழமை?" அவள் சொல்வாள். அவன் தலையாட்டிவிட்டுக் குழாயடிக்குப் போவான். அந்த வீட்டில் கிழமை என்பது அவள் வாயிலிருந்து வருவதுதான்.

அந்த வியாழக்கிழமை அவளுக்கு நெருப்பாகக் காய்ச்சல். முந்தின நாள் முழுக்க மெஷினில் குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. உடம்பு சரியில்லை, இன்று லீவு என்று அவனிடம் சொல்ல முடியாது. ஒரு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாள். தாளில் இல்லாத லீவு அவனுக்குத் தாங்காது. அன்று முழுக்கக் கட்டில் ஓரமாகவே நின்று, பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் "செத்துட மாட்டியே?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா, இன்னைக்கு என்ன கிழமை?"

உள்ளதைச் சொல்லிவிடலாம். அவள் தம்பிமேல் உயிரையே வைத்திருந்தாள். ஆனால் அந்த நிமிஷம், போர்வைக்குள் பல் கிட்டிக்கொண்டு நடுங்கும்போது, அந்தக் குரலைக் கேட்கவே வெறுப்பாக இருந்தது. ஆறு வருஷத்தில் ஒரே ஒரு நாள், யாருக்கும் பதில் சொல்லாமல் தூங்கவேண்டும்.

"ஞாயித்துக்கிழமைடா" என்றாள்.

அவன் தலையாட்டினான். மாத்திரை நேரத்துக்கு மட்டும் அவளாகவே விழித்துக் கொடுத்து, நாக்கைப் பார்த்தாள். பட்டறை முதலாளிக்கும் தன் தொழிற்சாலைக்கும் போன் போட்டு இரண்டு பேருக்கும் முடியவில்லை என்றாள். பிறகு காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அடித்துப் போட்டது போலத் தூங்கினாள்.

எழுந்தபோது மணி ஒன்றரை. வீட்டில் சத்தமே இல்லை. மாடிக் கொடியில் சட்டைகள் இல்லை, படியெல்லாம் தண்ணீர் சொட்டியிருந்தது. தெருவுக்கு ஓடுமுன் அலமாரியைப் பார்த்தாள். அவனுடைய மருத்துவமனைச் சீட்டைக் காணோம். அதற்குமேல் அவள் எங்கேயும் தேடவில்லை, நேராக பஸ் ஏறினாள்.

நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில், கடைசி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மடியில் பிளாஸ்டிக் பை, அதற்குள் ஈரச் சட்டைகள், பல் துலக்கும் பிரஷ், மாத்திரை அட்டை. பேன்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது.

"காய்ச்சலோட ஏன்க்கா வந்தே?"

"என்னடா இது, சொல்லாம கொள்ளாம கிளம்பிட்டே?"

"நீ தூங்கிட்டிருந்தே. ஞாயித்துக்கிழமை எழுப்பக்கூடாதில்ல." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மறுபடி ஆரம்பிச்சிடுச்சுக்கா. மாடியில சட்டை காயப்போடறேன், பின்னாடி ஸ்கூல் மைதானம் பூரா பிள்ளைங்க. யூனிஃபார்ம் போட்டு வரிசையா நிக்குதுங்க. ஞாயித்துக்கிழமை ஏது ஸ்கூல்? கண்ணை மூடித் திறந்தேன், அப்பவும் நிக்குதுங்க. கையைத் தூக்குதுங்க, இறக்குதுங்க. முன்னாடின்னா நம்பியிருப்பேன். இந்தத் தடவை நம்பல. ஈரத்தோட சட்டையை எடுத்துக்கிட்டு நானே வந்துட்டேன்."

கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. "பஸ்ல கூட எக்கச்சக்கமா ஆளுங்க தெரிஞ்சாங்க. கண்டுக்காம உட்கார்ந்துட்டேன்" என்றான்.

அவள் பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, கூடத்தில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பதைக்கூடக் கவனிக்காமல் சொன்னாள்.

"அது நிஜப் பிள்ளைங்கடா. இன்னைக்கு வியாழக்கிழமை. நான்தான் பொய் சொன்னேன். தூங்கணும்னு இருந்துச்சு, அதான் சொல்லிட்டேன். உனக்கு ஒண்ணுமில்ல. எந்திரி, வீட்டுக்குப் போலாம்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு புறங்கையை அவள் நெற்றியில் வைத்தான்.

"கொதிக்குதுக்கா. என்னைக் கூட்டிட்டுப் போறதுக்காக இப்படியெல்லாம் சொல்லாதே. ஆறு வருஷத்துல ஒரு நாளாவது நீ கிழமையைத் தப்பாச் சொல்லியிருக்கியா?"

சொன்னதில்லை.

அன்று இருந்த டாக்டர் புதியவள், சின்ன வயசுப் பெண். அக்கா சொன்னதையெல்லாம் தனியாகக் கேட்டுக்கொண்டாள். அவனைக் கூப்பிட்டு, தன் போனில் தேதியைக் காட்டி, இன்று வியாழன்தான் என்று பொறுமையாகச் சொன்னாள். அவன் போனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எண்களைப் பார்க்கக்கூடாது என்று இதே இடத்தில்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "சரிங்க டாக்டர்" என்று மரியாதையாகச் சொன்னான். "பெட் இருக்குங்களா?"

டாக்டர் அக்காவை வெளியே அழைத்தாள். "வெளிய அமைதியா இருக்கார், உள்ள ரொம்பப் பயந்திருக்கார். இழுத்துட்டுப் போனா வீட்டுல இன்னும் மோசமாயிடும். நாலு நாள் இங்க இருக்கட்டும், மெதுவாப் புரியவைக்கலாம்."

"புரிஞ்சுட்டா?"

"புரிஞ்சா நல்லதுதானே?"

புரிந்த பிறகு அவன் காலையில் யாரிடம் போய்க் கிழமை கேட்பான் என்பது டாக்டருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அவளால் என்ன செய்ய முடியும். தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அக்காவுக்கு.

சேர்க்கை மேஜையில் இருந்தவர் படிவத்தை நீட்டினார். பெயர், வயது, உறவு எல்லாம் எழுதினாள். சேரும் நாள், கிழமை என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவை அழுத்திப் பிடித்து 'வியாழன்' என்று எழுதினாள். ஒரு இடத்திலாவது உண்மை இருக்கட்டும் என்று நினைத்தாள்.

தம்பி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் விரலிலிருந்து பேனாவை மெல்ல வாங்கினான்.

"அக்காவுக்குக் காய்ச்சல் சார், அதான் குழம்பிட்டாங்க" என்றான் மேஜைக்காரரிடம். வியாழனைக் குறுக்கே ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் குண்டுகுண்டாக 'ஞாயிறு' என்று எழுதினான்.

மேஜைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று தம்பியே விரலை வைத்துக் காட்டினான். அவள் போட்டாள்.