கல்லூரிக்கு ஒரு கேஸ்

"இது எப்ப தொடங்கினது? மாதம், வருசம் சொல்லும் பிள்ளை. அந்த நேரம் ஆர் பக்கத்தில இருந்தவை?"

இப்படி என்னை விசாரித்தவர் பொலிஸ்காரர் அல்ல, வைத்தியரும் அல்ல. பாரிசில் ரூ காய் என்ற தெருவில் ஒரு சேலைக் கடைக்கு மேலே அறை வைத்திருந்த மொழிபெயர்ப்பாளர். அவர் விசாரித்த குற்றம், எனக்குக் கதைப் புத்தகத்திலும் கணக்கிலும் ஒரே நேரத்தில் விருப்பம் வந்தது. எனக்கு அப்போது பதினேழு வயது. பக்கத்துக் கதிரையில் அப்பா, வேலைக்குப் போகிற அவசரத்தில், குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே இருந்தார். நான் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், அவ்வளவுதான். அதற்கு இவ்வளவு விசாரணை எதற்கு என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மொழிபெயர்ப்பாளர் ஊரில் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞராக இருந்தவர். பாரிசுக்கு வந்து, அகராதியை வைத்தே பிரெஞ்சு படித்து, இருபது வருடங்களுக்கு மேலாக எங்கள் ஆட்களின் அகதிக் கேஸ்களை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் நடந்து திரிகிற பாதிப்பேரின் வாழ்க்கை அவருடைய கையெழுத்தில் ஒருமுறையாவது எழுதப்பட்டிருக்கும். கழுத்தில் எப்போதும் டை இருக்கும். தாள்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடிக்க வேறு யாரையும் விட மாட்டார். ஒருவர் சொல்வதை அவர் அப்படியே நம்பியதும் இல்லை, நம்பாமல் விட்டதும் இல்லை, "பேப்பர் இருக்கோ?" என்று மட்டும் கேட்பார். வாடகை வீட்டுக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், மின்சாரக் காரியாலயத்துக்குக் கடிதம் எல்லாவற்றுக்கும் சனம் அவரிடம்தான் போகும். அவற்றையும் அவர் கேஸ் மாதிரியே எழுதுவார். ஒருமுறை எங்கள் மேல்மாடிக்காரரின் தண்ணீர்க் குழாய் ஒழுகியதைப் பற்றி நாலு பக்கம் எழுதினார். அதை வாசித்தால் அந்த வீட்டில் மனிதர் உயிரோடு இருந்ததே பெரிய காரியம் என்று தோன்றும். குழாயை இரண்டே நாளில் திருத்தினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் பிரச்சினை இதுதான். எனக்கு இலக்கியமும் வரலாறும் படிக்க ஆசை. அதே நேரம் கணக்கியலும் வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைப் படிக்க மனம் வரவில்லை. அப்பாவுக்குக் கணக்கு மட்டும் போதும். அவர் வேலை செய்த உணவகத்தின் குசினியில், பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்து முதல் வகுப்பில் தேறிய ஒருவர் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அந்த மனிதரைப் பார்த்துப் பார்த்து அப்பாவுக்கு இலக்கியம் என்றாலே ஈரக் கைதான் ஞாபகம் வரும். நான் பல வாரங்களாகக் கல்லூரிகளின் விவரங்களைத் தேடினேன். கணக்கியலுக்குப் பெயர்போன இடங்களில் மூன்று வருடமும் கணக்கைத் தவிர மூச்சுவிட இடமில்லை. பல்கலைக்கழகங்களில் இலக்கியப் பிரிவுக்கும் கணக்குக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. இரண்டும் உண்டு என்று எழுதியிருந்த சில இடங்களில், கணக்கு வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம், பேருக்கு. கடைசியில் சேன் நதிக்கு அந்தப் பக்கம் ஒரு சிறிய கல்லூரி அகப்பட்டது. பாதி நேரம் இலக்கியம், வரலாறு, மெய்யியல், பாதி நேரம் கணக்கியலும் சட்டமும், ஒரே பட்டம். வருடத்துக்கு முப்பது பேரைத்தான் எடுப்பார்கள்.

அப்பா நான் அச்செடுத்துக் கொடுத்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அங்கை கணக்கு ஒழுங்காப் படிப்பிக்கினமோ, இல்லாட்டி சும்மா கதை சொல்லி அனுப்பினமோ?" என்றார். நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்றேன். அதனால் கல்லூரியைப் பொதுமக்கள் பார்வையிடும் சனிக்கிழமை நாங்கள் மூன்று பேராகப் போனோம்: நான், அப்பா, அப்பா என்னிடம் கேட்காமலே அழைத்துவந்த மொழிபெயர்ப்பாளர். மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் தோட்டத்தையும் நூலகத்தையும் சுற்றிப் பார்த்தார்கள். மொழிபெயர்ப்பாளர் நேரே வரவேற்பு மேசைக்குப் போய், கடந்த மூன்று வருடத் தேர்வு முடிவுகளைக் கல்லூரியின் தலைப்புத் தாளில் தரும்படி கேட்டார். அந்தப் பெண் ஒரு வண்ணப் புத்தகத்தை நீட்டினார். அவர் அதை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து, தலைப்புத் தாளில், முத்திரையோடு என்றார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். அரை மணித்தியாலத்தில் தாள் வந்தது, முத்திரையும் குத்தி. அங்கே படித்து முடித்தவர்களுக்கு அரசாங்கக் கணக்கியல் தேர்வில் பல பாடங்களை எழுதத் தேவையில்லை என்பதும், கணக்குப் படிப்பிப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் காலையில் தங்கள் அலுவலகங்களில் கணக்காளர்களாக இருப்பவர்கள் என்பதும் அதில் இருந்தன. மெத்ரோ ரயிலில் வரும்போது மொழிபெயர்ப்பாளர் அப்பாவிடம் சொன்னார், "தம்பி, கணக்கு பலம். நான் பேப்பரில பாத்திட்டன்."

அப்பா சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. இந்த ஒரு கல்லூரிக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம். கிடைக்காவிட்டால் புறநகரில் அவருடைய நண்பரின் மகன் படித்த கணக்கியல் பள்ளி. "ஓமோ?" என்றார். நான் "ஓம்" என்றேன். 

அப்படித்தான் அந்த விசாரணைக்கு வந்து சேர்ந்தேன். எப்போது தொடங்கியது என்று கேட்டதற்கு முதலில் "சின்ன வயசில இருந்தே" என்றேன். "சின்ன வயசு எண்டால் ஒருத்தரும் நம்பாயினம். நாள் சொல்லும்" என்றார். யோசித்தேன். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து எல்லாரையும் ஒரு வாரம் வேலை பழக அனுப்புவார்கள். நான் போனது பாரிசுக்கு வெளியே ஒபர்வில்லியேயில் ஒரு மொத்த வியாபாரக் களஞ்சியத்துக்கு. அங்கே கணக்காளராக இருந்து, சுற்றியுள்ள கடைகளின் கணக்கையும் பார்த்துக் கொடுத்த ஒரு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழைய ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு கடைக்காரர் வருடக்கணக்காக ஒரே ஆளிடம் அரிசி எடுத்துவிட்டு, ஒரு மாதத்தில் சட்டென்று நிறுத்தியதைக் கண்டேன். அடுத்த மாதம் அதே அரிசியைக் கூடின விலைக்கு இன்னொருவரிடம் எடுத்திருந்தார். "இவைக்கு ரெண்டு பேருக்கும் சண்டையோ?" என்று கேட்டேன். கணக்காளர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மகளின்ர கலியாணத்துக்குச் சொல்லேல்லை எண்டு கோவம். உனக்கு ஆர் சொன்னது?" என்றார். எனக்கு யாரும் சொல்லவில்லை. இலக்கங்கள்தான் சொல்லின. அன்று மாலை பேருந்தில் எனக்கு இருந்த சந்தோசத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. மொழிபெயர்ப்பாளரிடம்தான் முதலில் சொன்னேன், அதுவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "சாட்சி இருக்கு" என்று மட்டும் சொன்னார். அடுத்த நாளே ஒபர்வில்லியேக்குப் போய்க் கணக்காளர் அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, அவருடைய அடையாள அட்டையின் பிரதியும் எடுத்து வந்துவிட்டார். கடிதம் ஐந்து பக்கம், இணைப்புகள் ஒன்பது. நூலகத்தில் நான் எடுத்த புத்தகங்களின் பட்டியலுக்குக்கூட இலக்கம் போட்டிருந்தார். அவருடைய மேசையிலேயே வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன். வீட்டுக்கு வந்துதான் வாசித்தேன். கடைசிப் பந்தி இப்படி இருந்தது: "மேற்சொன்ன காரணங்களால், கணக்கு மட்டும் உள்ள இடத்துக்கோ இலக்கியம் மட்டும் உள்ள இடத்துக்கோ என்னைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவ்விரு இடங்களிலும் நான் நிம்மதியாக வாழ முடியாது." எனக்கு அழுகையே வந்துவிட்டது, வெட்கத்தில். வகுப்புத் தோழிகளைப் போல இணையத்தில் தேடி, நான் ஒழுங்கும் ஊக்கமும் மிகுந்தவள் என்று அரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். ஐந்து பக்கத்தை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டாமல் விட்டதுதான் பிழை. அப்பா எனக்குச் சொல்லாமல் அதையும் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தார்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு வரலாற்றுப் பேராசிரியை, நரைத்த தலை, முன்னால் இரண்டு கடிதங்கள். பார்த்தவுடன் எனக்குக் காது சூடாகிவிட்டது.

"உங்கள் பெயரில் எங்களுக்கு இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள்" என்றார். "ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். இந்த வருடம் எழுபது தடவை சந்தித்துவிட்டேன்." என் அரைப் பக்கத்தைத் தள்ளி வைத்தார். பிறகு ஐந்து பக்கத்தை எடுத்து, "உங்களை யார் திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள்?" என்று கேட்டார். சிரிக்காமல்தான் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் யார், அவர் வழக்கமாக எதை எழுதுகிறவர், எங்கள் சனம் ஏன் எல்லாவற்றுக்கும் அவரிடம் போகிறது என்று சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லச் சொல்ல என் வெட்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. எழுதியவர் அவராக இருந்தாலும் அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. "அந்த அரிசிக் கடைக்காரர்கள் பிறகு சமாதானமானார்களா?" என்று பேராசிரியை கேட்டார். "ஏட்டில் இன்னும் வரவில்லை" என்றேன். அப்போதுதான் அவர் சிரித்தார். போகும்போது, கோப்பில் எந்தக் கடிதத்தை வைக்கட்டும் என்றார். நீளமானதை என்றேன்.

முடிவுக் கடிதம் வந்த அன்று மாலை அப்பாவும் நானும் ரூ காய் மாடிப்படியில் ஓடித்தான் ஏறினோம். மொழிபெயர்ப்பாளர் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "முதல் கேஸிலேயே குடுத்திட்டாங்களோ?" என்றார். நம்ப முடியாத குரல். பிறகு மேசைக்குக் கீழிருந்து ஒரு தடித்த உறையை எடுத்து எங்கள் முன் போட்டார். அது என் அப்பீல். நிராகரித்துவிடுவார்கள் என்று முன்கூட்டியே எழுதி, தட்டச்சுச் செய்து வைத்திருந்தார். அவருடைய அனுபவத்தில் முதல் தடவையே ஓம் என்று சொன்ன அலுவலகம் மிகக் குறைவு. நான் கையை நீட்டினேன். "வெண்ட கேஸின்ர அப்பீலை ஆரும் வாசிக்கிறேல்லை" என்று திரும்ப எடுத்து வைத்துவிட்டார். அவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்ததாக அப்பா இன்றைக்கும் சத்தியம் பண்ணுவார்.

நான் இப்போது கணக்காளராக இருக்கிறேன். வேலை பிடித்திருக்கிறது, ஏடுகளுக்குள் ஆட்களைப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. புத்தகங்களும் கூடவே இருக்கின்றன. அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், அரைவாசி நாள் புறநகர் திரான்சியில் எங்கள் வீட்டில்தான். கடந்த வசந்தத்தில் மொழிபெயர்ப்பாளர் அறையை ஒப்படைக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பெட்டி கட்ட உதவப் போனேன். டை அன்றும் இருந்தது. புறப்படும்போது என் அப்பீல் இருந்த அந்த உறையைத் தந்தார். "இப்ப வாசியும். இனி உம்மை ஆரும் றிஜெக்ட் பண்ணேலாது."

கீழே தெருவில் சனிக்கிழமைச் சனம், பைகளோடு இடித்துக்கொண்டு போனது. நான் சேலைக் கடை வாசலில் ஒதுங்கி நின்று பிரித்தேன். பதினொரு பக்கம். பதினேழு வயது நான் பேசுவதாக அவர் எழுதிய முதல் வரிகளிலேயே கண் நிறைந்துவிட்டது. "நீங்கள் என்னை நம்பவில்லை. ஆனால் நான் சொன்னது முழுவதும் உண்மை. தயவுசெய்து இன்னொரு தடவை கேளுங்கள்."