அம்மா மிதிக்க மறுத்த தீ

அம்மனை நம்பும் உங்கள் முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

போன மாசியில் என் அம்மாவைக் குளவி கொட்டியது. ஸ்பிரிங்வெளிப் பக்கம் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது கூடு கலைந்துவிட்டது. எல்லாரும் ஓடினார்கள். அம்மாவும் ஓடித் தப்பித்தவர்தான். பின்னால் ஒரு பெண் விழுந்து கிடப்பதைப் பார்த்துத் திரும்பிப் போய், இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து அவள்மேல் போர்த்தியிருக்கிறார். அந்தப் பெண் மறுநாளே வீட்டுக்குப் போய்விட்டாள். அம்மா பதுளை ஆஸ்பத்திரியில் முகம் வீங்கி, பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார். இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அம்மா எப்படிப்பட்டவர் என்று சொன்னால்தான் மற்றது புரியும். அப்பா இறந்தபோது பொட்டை அழிக்க வந்தவர்களிடம், "இது எங்கம்மா எனக்கு வச்ச பொட்டு. அவரு கொண்டாந்தது இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கங்காணியோ துரையோ, நியாயம் இல்லையென்றால் நின்ற இடத்தைவிட்டு நகர மாட்டார். எனக்குப் பண்டாரவளையில் துணிக்கடை வேலை கிடைத்த பிறகு, என்னோடு வந்து இருங்கள் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். "ஒன் வீட்டுல எனக்கென்ன வேல? எனக்கு மல இருக்கு" என்பார். நான் அவருக்கு நேர்மாறு. கடைத்தெருவுக்குப் போகக்கூட யாராவது துணை வர வேண்டும்.

அன்று துணைக்கு ஒருவரும் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். "தாயே, எங்கம்மாவ எழுப்பிக் குடு. திருவிழாவுல அவங்க தீ மிதிப்பாங்க" என்று வேண்டிக்கொண்டேன். வாயில் அப்படித்தான் வந்தது. மறுநாள் காலை அம்மா கண்ணைத் திறந்தார். முதலில் விசாரித்தது அந்தப் பெண்ணைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் வேண்டுதலைச் சொன்னேன்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

"நீங்க பேச்சு மூச்சில்லாம கெடந்தீங்க. எப்படிம்மா கேக்குறது?"

"அப்ப நீ கேட்டதுக்கு நீயே மிதி. என் காலு எனக்குச் சொந்தம்."

பூசாரியிடம் ஓடினேன். "கேட்டவங்க மிதிச்சாலும் ஆத்தா ஏத்துக்குவா" என்று அவரும் அம்மா பக்கம் சாய்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் காப்புக் கட்டி விரதம் இருந்தேன்.

தீக்குழி முன்னால் கால் எழவில்லை. எதிர்ப்பக்கம் அம்மா நின்றார். முகத்தில் தழும்பு, நெற்றியில் பெரிய பொட்டு. கையை நீட்டுவார் என்று பார்த்தேன். கட்டிய கையை அவிழ்க்கவே இல்லை. "மாரியாத்தா" என்று கத்திக்கொண்டு இறங்கினேன். எப்படிக் கடந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஏறி வந்தபோது அம்மாவின் கண் கலங்கியிருந்தது. அதற்கு முன் அவர் அழுது நான் பார்த்ததில்லை. "வா, சோறு ஆறுது" என்றார்.

இப்போது எங்கே போனாலும் தனியாக பஸ் ஏறுகிறேன். அம்மா மறுபடியும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகிறார். என்னோடு வாருங்கள் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

கஷ்டம் வந்தால் அம்மனிடம் தயங்காமல் கேளுங்கள். தருவாள். ஆனால் உங்கள் காலைச் சொல்லியே கேளுங்கள். நான் அம்மாவின் காலைச் சொல்லிக் கேட்டேன். அவள் அம்மாவையும் கொடுத்து, எனக்கும் கால் கொடுத்தாள்.