மங்களத்தின் விலாசம்

மங்களம் இருபத்திரண்டு வயதில், மலேசியக் குடிமக்களுக்குரிய நீல அடையாள அட்டை வாங்கினாள். எழுதப் படிக்கத் தெரியாமலே, கேள்விகளைக் காதால் கேட்டு வாயால் பதில் சொல்லி, மோட்டார் லைசென்ஸ் எடுத்தாள். ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஒரு வரிசை முழுக்க வேலை வாங்கும் சூப்பர்வைசர் ஆனாள். கடைசியாக, இரண்டு கோர்ட்டுகளைத் தாண்டி ஒரு பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

இதில் எதையும் அவள் வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டாள். அவளுடைய அண்ணன் அப்பாவு சொல்லுவார். அவருடைய வெல்டிங் பட்டறைக்கு இரும்புக் கதவு செய்யக் கொடுக்க வருகிறவர்கள், கதவு அளவோடு இதையும் சேர்த்துக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இருவரும் ஆயர் தாவார் பக்கம் புதுக்காட்டுத் தோட்டத்தில் பிறந்தவர்கள். மங்களத்துக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டுவிட்டார்கள். அதனால் பள்ளிக்கூடத்திலும் சேர்க்கவில்லை. தாயும் தகப்பனும் ரப்பர் பால் வெட்டப் போகும்போது கடைசித் தங்கை கலாதேவி அவள் இடுப்பில்தான் இருப்பாள். கலாதேவி முதலில் பேசிய வார்த்தையே ‘மங்கா’தான்.

பிறகு தோட்டத்தை விற்றார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்களுக்கு வீடு கட்டித் தருவதாக வாங்கியவர்கள் சொன்னார்கள். தோட்டக் கமிட்டித் தலைவர் ராமையா எல்லாரையும் கோயிலில் கூட்டி வைத்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: “எங்க வேணா போய்ப் பொழைங்க. ஐசி அட்டையில இருக்குற விலாசத்த மட்டும் மாத்திறாதீங்க. மாத்துனா வீடு போச்சுலா!” அண்ணனும் மங்களமும் ஈப்போவில் ஜெலாப்பாங் பக்கம் வந்து சேர்ந்தார்கள். வீடு வரவில்லை. விலாசத்தை யாரும் மாற்றவில்லை. எங்கே இருக்கிறீர்கள் என்று எந்த அதிகாரி கேட்டாலும், புதுக்காட்டுத் தோட்டம் என்றுதான் வாய் தானாகச் சொல்லும்.

2023இல், தைப்பூசம் முடிந்த மறுவாரம், கலாதேவி இறந்துபோனாள். ஆயர் தாவாரில் வாடகை வீட்டில் மகள் ஷாமினியோடு தனியாக இருந்தவள். வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பவில்லை. புருஷன் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஐந்து வயதுப் பிள்ளை தனியாக நிற்கிறது என்று அக்கம்பக்கத்தார் சொல்ல, சமூகநல இலாகா அதிகாரிகள் வந்து அவளை எடுத்துக்கொண்டு, அந்த வட்டாரத்துச் சிறார் கோர்ட்டில் ஆஜர்படுத்தி, தைப்பிங்கில் ஒரு காப்பகத்தில் விட்டார்கள். பெரியம்மா நான் வளர்க்கிறேன் என்று மங்களம் போய் நின்றபோது, அதைக் கோர்ட்டுதான் சொல்ல வேண்டும் என்றார்கள்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் கேட்ட முதல் கேள்வி, எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, மங்களம் பதில் சொல்லிவிட்டாள். “புதுக்காட்டுத் தோட்டம், ரெண்டாவது லயம்.”

வெளியே பெஞ்சில் காத்திருந்த அண்ணனுக்கு இது தெரியாது. பத்து நாள் கழித்து, வீட்டைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டிய அதிகாரி தினேஸ்வரி போன் பண்ணியபோதுதான் தெரிந்தது.

“அக்கா, காலையில இருந்து சுத்திக்கிட்டு இருக்கேன். இங்க லயமே இல்ல, செம்பன மரந்தான் இருக்கு. உங்க வீடு எங்கக்கா?”

மங்களம் போனை அண்ணனிடம் நீட்டினாள். அப்பாவு போனை வாங்கி உள்ளதைச் சொன்னார்.

“அண்ணே, இல்லாத வீட்டுக்கு நான் என்னான்னு ரிப்போர்ட் எழுதுவேன்? இப்படியே போனா பிள்ள காப்பகத்துலயேதான் இருக்கும். அக்கா ஈப்போவுல இருந்தா ஈப்போ ஆபீசருதான் வீட்டப் பாக்கணும், ஈப்போ கோர்ட்டுதான் விசாரிக்கணும். அடுத்த தவணைக்குக் கோர்ட்டுல அக்காவே நின்னு உண்மையச் சொல்லட்டும். கேச மாத்தச் சொல்லி நான் மனு போடுறேன்.”

சேதி எப்படியோ ராமையா காதுக்கு எட்டிவிட்டது. அன்று சாயங்காலமே போனில் கூப்பிட்டார். “ஏம்மா, கோர்ட்டுல போயி ஜெலாப்பாங்குன்னு சொல்லப் போறியாமே? எழுத்துல ஏறிருச்சுன்னா வீட்டு லிஸ்டுல ஒம் பேர வெட்டிருவாங்க. இவ்வளவு நாள் இருந்துட்ட, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கலாமில்ல?”

“வெட்டட்டும்ண்ணே.”

“வெளையாடாத. சொந்த வீடு!”

“அவங்க கட்டுற வீட்டுக்கு நான் கெழவியாகி வந்து சேருறதுக்குள்ள, அந்தப் பிள்ளைக்கு என் மூஞ்சியே மறந்துரும்ண்ணே.” போனை வைத்தவள், அண்ணன் பக்கம் திரும்பி, “ஒனக்கும் அந்த விலாசந்தான? நீ வேணா வச்சுக்க” என்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் சிரித்தாள்.

அடுத்த தவணையில் அண்ணனும் உள்ளே இருந்தார். போன தடவை தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று மங்களம் எழுந்து நின்றாள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

“வீடு தாரேன்னு சொன்னாங்கம்மா. அதான் அந்த விலாசத்த விடல. இப்ப பிள்ளதான் வேணும்.”

மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொல்ல, மாஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டு மங்களத்தை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். பிறகு கேஸை ஈப்போவுக்கு மாற்றச் சொல்லி உத்தரவிட்டார்.

மாற்றியவுடன் பிள்ளை வந்துவிடவில்லை. அங்கிருந்து கோப்பு வர வேண்டும், புது அதிகாரி வீட்டைப் பார்க்க வேண்டும், அவர் அறிக்கை எழுத வேண்டும். அதற்குள் அப்பாவு நான்காம் மாடியில் தங்கையின் பிளாட்டுக்கு ஜன்னல் கம்பி அடித்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளையை நிற்க வைத்து, எந்த இரண்டு கம்பிக்கு இடையிலும் தலை நுழையாது என்று பார்த்த பிறகுதான் வெல்டிங்கை முடித்தார். வந்த அதிகாரி கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். “ஆன வந்து இடிச்சாலும் அசையாதுங்க சார்” என்றார் அப்பாவு.

லீவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் மங்களம் அண்ணனோடு தைப்பிங் போனாள். போகும்போதெல்லாம் மழை. காப்பகத்து முன்னறையில், ஷாமினி ஜன்னல் கண்ணாடியில் ஊதி, படிந்த ஆவியில் விரலால் தன் பேரை எழுதிக் காட்டுவாள். ஒரு நாள், “பெரியம்மா, ஒங்க பேர எழுதுங்க” என்றாள்.

“எனக்குத் தெரியாதுடா.”

“சும்மா சொல்லாதீங்க. பெரிய ஆளுங்களுக்கு எல்லாந் தெரியும்.”

“பெருவெரலு வைக்கத்தான் தெரியும்.” மங்களம் கட்டை விரலைக் கண்ணாடியில் அழுத்தினாள்.

ஷாமினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அது பேரு இல்ல, அது வெரலு!” என்று சொல்லி, பெரியம்மாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்து இழுத்து, ‘ம’ போட வைத்தாள். பக்கத்தில் ‘ங்’ வரைவதற்குள் கண்ணாடி தெளிந்துவிட்டது. மறுபடி ஊதினாள். அடுத்த வாரமும் ஊதினாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது மங்களம் முழங்காலில் விரலால் எழுதிக்கொண்டே வருவாள். அண்ணன் பார்த்தால் நிறுத்திவிடுவாள். அப்பாவு அதனால் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவார்.

தீபாவளிக்குள் பிள்ளை வந்துவிடும் என்று நினைத்தார்கள். வரவில்லை. மங்களம் வாங்கி வைத்த சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. தீபாவளி போன மூன்றாம் நாள் ஈப்போ கோர்ட்டில் கூப்பிட்டார்கள். அறிக்கையைப் படித்தார்கள். ஷாமினி பெரியம்மாவின் பொறுப்பில் இருக்கலாம் என்று உத்தரவு ஆனது.

பிள்ளையைப் பார்த்துக்கொள்வேன் என்ற உறுதிப்பத்திரத்தைக் குமாஸ்தா எடுத்து வைத்தார். மங்களத்தின் பழைய தாள்களில் எல்லாம் ரேகையே இருந்ததால், மைப்பெட்டியையும் திறந்து முன்னால் தள்ளினார். ஷாமினி மேசைமேல் தாடையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மை வேணாம்ங்க” என்றாள் மங்களம். “பேனா குடுங்க.”

மெதுவாக எழுதினாள். ‘ள’வில் வந்து கொஞ்சம் நின்றாள். ஷாமினி காற்றில் விரலைச் சுழித்துக் காட்டினாள். மங்களம் கடைசிப் புள்ளியைக் கொஞ்சம் அழுத்தியே வைத்தாள். பேருக்குக் கீழே ஜெலாப்பாங் விலாசம் இருந்தது. அதற்கும் கீழே தேதி: 14 நவம்பர் 2023.