அக்காவுக்கு ஒரு வால் நட்சத்திரம்

கொஞ்ச நாள் முன்பு ஒரு சாயங்காலம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் திருவிழாக் கூட்டம். வால் நட்சத்திரம் தெரிகிறது என்று வாட்ஸப் குழுவில் யாரோ போட்டுவிட்டார்கள். லிப்ட் நிரம்பி வழிந்ததால் முட்டி வலியோடு படியேறிப் போனேன். மேற்கே ஜி.எஸ்.டி. ரோட்டு வெளிச்சம் வானத்தில் பாதி உயரம் ஏறி நிற்கிறது. வால் நட்சத்திரமும் இல்லை, வாலில்லாத நட்சத்திரமும் இல்லை. "அங்கிள், சும்மா பாத்தா தெரியாது. இதுல பாருங்க" என்று மூன்றாவது மாடிப் பையன் தன் போனைக் காட்டினான். அதில் தலையும் வாலுமாகப் பளிச்சென்று இருந்தது.

அந்த போன் ஒரு குட்டி ஸ்டாண்டின் மேல் நின்றது. மடக்கினால் குடையைவிடச் சிறியது. ஒற்றை விரலில் மாட்டிக்கொண்டு அவன் இறங்கிப் போனபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே வேலைக்காக ஒரு காலத்தில் நானும் ஒரு ஸ்டாண்டு வைத்திருந்தேன். அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

ஸ்டாண்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட எட்டு வயது மூத்தவள். எண்பத்தாறில், எழுபத்தாறு வருடத்துக்கு ஒரு முறை வரும் அந்தப் பிரசித்தி பெற்ற வால் நட்சத்திரம் வந்தபோது சிட்லபாக்கம் ஏரிக்கரையில் எங்கள் தெருவே நின்றது. "அதோ, அதோ!" என்று ஆளுக்கொரு திசையில் கை நீட்டினார்கள். மீனம்பாக்கத்தில் இறங்க வந்த விமானத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவரும் உண்டு. நானும் பார்த்துவிட்டேன் என்றுதான் பள்ளிக்கூடத்தில் அளந்தேன். கூட்டத்தில் ஒரே ஒருத்தி மட்டும் "எனக்கு ஒண்ணும் தெரியல" என்றாள். பேப்பரில் வந்த படத்தையெல்லாம் மாதக்கணக்கில் வெட்டி வைத்துக் காத்திருந்தவள் அவள்தான். வீட்டுக்குத் திரும்பும்போது என் தலையில் குட்டி, "அடுத்த வாட்டி அது வரப்போ நான் சுவத்துல போட்டோவா தொங்கிட்டிருப்பேன்டா" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

தொண்ணூற்றேழில் வந்தது வேறு ஒன்று. யாரும் கை நீட்டிக் காட்ட வேண்டியிருக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் வடமேற்கே, பல்லாவரம் மலைப்பக்கம், தானாகவே கண்ணில் பட்டது. பால்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவார். ஊரே பார்த்தது, அக்கா மட்டும் பார்க்கவில்லை. வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அதற்கு முன் உண்டான இரண்டும் தங்கவில்லை. கிரகணத்தன்று பிள்ளைத்தாய்ச்சிகளை உள்ளே உட்கார வைப்பார்கள் இல்லையா, அந்தச் சட்டத்தை அம்மா வால் நட்சத்திரத்துக்கும் நீட்டிவிட்டாள். ஏரிப்பக்கத்து ஜன்னல் சாத்தப்பட்டது. ஆறு மணிக்கு மேல் வாசற்படி தாண்டக் கூடாது.

"கிரகணம் நாலு மணி நேரத்துல விட்டுடும்மா. இது ஒண்ணரை மாசம் இருக்குமாம்" என்று நான் வாதாடினேன்.

"ஒண்ணரை மாசமும் உள்ளயே இருக்கட்டும்" என்றாள் அம்மா. அப்பா பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். இம்மாதிரி நேரங்களில் அவருடைய அரசியல் நிலைப்பாடு அதுதான்.

மொட்டை மாடிக்கு அப்போது படி கட்டியிருக்கவில்லை, மூங்கில் ஏணிதான். தினமும் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து அக்காவிடம் வர்ணிப்பேன். தென்னந்துடைப்பம் மாதிரி, வெள்ளை மயிலிறகு மாதிரி என்றெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். "ஏட்டுச் சுரைக்காய்டா" என்பாள். ஒருநாள் பொறுக்க முடியாமல், "அம்மா கோயிலுக்குப் போயிருக்கா. அஞ்சு நிமிஷம், ஏரிக்கரைக்குப் போயிட்டு வந்துடலாம், வா" என்று கூப்பிட்டேன். செருப்பைக்கூட எடுத்து வைத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்லடா. ஆனா நான் போய்ப் பாத்து, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா? அம்மா ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. நான்தான் எனக்கே சொல்லிட்டிருப்பேன். ஆயுசு பூரா."

அந்த நிமிடம் முடிவு செய்தேன். அவள் வெளியே வர முடியாது, சரி. அதை உள்ளே கொண்டுவந்துவிட வேண்டியதுதான். இருபத்தொரு வயதில் இப்படிப்பட்ட முடிவுகள் சுலபமாக வரும்.

அப்போது நான் திருமுடிவாக்கத்தில் ஒரு சின்ன பேப்ரிகேஷன் கம்பெனியில் சூப்பர்வைசர். பெயர்தான் சூப்பர்வைசர், டீ வாங்கி வருவதும் நானே. லாரியில் ஏற்றும் டேங்குகளைப் படம் எடுப்பதற்கு முதலாளி நல்ல கேமரா ஒன்று வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "இந்த மாசம் டெஸ்பாட்ச் எதுவும் இல்ல, எடுத்துட்டுப் போ" என்று கழுத்தில் மாட்டிவிட்டார். முதல் ரோலை மாடிக் கைப்பிடிச் சுவரில் செங்கல் முட்டுக் கொடுத்து எடுத்தேன். அரை நிமிடம் பட்டனை அமுக்கிப் பிடிக்க வேண்டும், என் கையோ நாடித் துடிப்புக்கே ஆடுகிற கை. குரோம்பேட்டை கலர் லேபில் பிரிண்டைக் கொடுத்த பையன், "இன்னா சார், கோயி கிளறின மாரி கீது?" என்று கேட்டான். உள்ளதைத்தான் கேட்டான், கோழி கிளறின குப்பை மாதிரிதான் இருந்தது.

வெல்டர் முருகேசன் அண்ணனிடம் போய் நின்றேன். "ஆடாம நிக்கணும், அவ்ளோதானே? வுடு" என்றார். எப்படிச் செய்யப் போகிறார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். சாயங்காலம் பார்த்தால் ஒன்றரை அங்குல பைப்பில் மூன்று கால், நடுவில் குறுக்குக் கட்டை, மேலே கேமராவை இறுக்க ஒரு போல்ட். எல்லாம் நிரந்தரமாக வெல்டு வைத்தது, மடக்கவே முடியாது. "யானை வந்து முட்டினாலும் ஆடாது தம்பி" என்று சுத்தியலால் தட்டிக் காட்டினார். புது வெல்டும் ரெட் ஆக்சைடு பெயிண்டும் சேர்ந்த அந்த வாசனை இன்றைக்கும் எங்கேயாவது மூக்கில் ஏறினால் என் தோள்பட்டை வலிக்கிறது.

அதை நானும் அண்ணனுமாகப் பல்லாவரம் பஸ்ஸில் ஏற்றினோம், அவர் அங்கேயே நின்றுகொண்டார். கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தார். "இன்னாபா இது, பந்தல் காலா?"

"இல்ல சார், வால் நட்சத்திரம் போட்டோ எடுக்க."

"அது மேல கீது. நீ இத்த தூக்கிகினு எங்க போற?" என்று கேட்டுவிட்டு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்தார். பஸ்ஸே சிரித்தது. இறங்கும் இடத்தில் மட்டும் மறுபக்கத்தைத் தாமே பிடித்துக் கொடுத்தார்.

கயிறு கட்டி மாடிக்கு இழுத்தோம், அதாவது நானும், பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்த அப்பாவும். மூன்று சாயங்காலம் எடுத்தேன். மேகம், விமானம், எதிர்வீட்டு மாடியில் எரிந்த குண்டு பல்பு எல்லாவற்றோடும் மல்லுக்கட்டி எடுத்தேன். லேபில் கொடுத்தால் அந்தப் பையன் கவரை வெறுமனே திருப்பித் தருகிறான். "அல்லாம் பிளாங்க் சார். பிரிண்ட் போட்டா வேஸ்ட்டு." கறுப்பாக இருக்கும் பிரேமைப் பிரிண்ட் போடுவதில்லை என்பது அங்கே வழக்கம், வாடிக்கையாளருக்குச் செய்கிற தர்மம். நெகட்டிவைப் பிடுங்கி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். அதில் எல்லாம் தலைகீழ், இருட்டு வெளுப்பாகவும் வெளிச்சம் கறுப்பாகவும் தெரியும். வெளிறிய பட்டையில் சின்னதாக ஒரு கறுப்புத் தீற்றல். ஆடாத, அசையாத தீற்றல். கவுன்டரில் நின்று நான் போட்ட கூச்சலில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்துவிட்டார்.

இன்னொரு சங்கடம் இருந்தது. நெகட்டிவை ஏற்கெனவே துண்டு போட்டுவிட்டார்கள். "எல்லாம் ஒரே இருட்டு சார். பிரேம் எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு எப்டித் தெரியும்?" என்றான் பையன். குத்துமதிப்பாக வெட்டியதில் நல்லதாக விழுந்திருந்த ஒரே படம் நடுவில் அறுபட்டுவிட்டது. தலை ஒரு துண்டில், வால் இன்னொன்றில். இரண்டையும் பிரிண்ட் போடச் சொல்லி, போட்டு முடிக்கும்வரை நகராமல் நின்றேன்.

இருட்டும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்து இரண்டு பிரிண்டையும் அக்காவின் மடியில் ஒட்டினாற்போல் வைத்தேன். அவள் குனிந்து பார்க்கப் பார்க்க முகம் மாறியது. எண்பத்தாறில் காத்திருந்த முகம் அது. அதற்குள் சமையலறையிலிருந்து அம்மா ஓடி வந்து படங்களைக் கவிழ்த்துப் போட்டாள்.

"படமா இருந்தா மட்டும்? பாத்தா பாத்ததுதானே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பைப்பும் பஸ்ஸும் லேபும் எல்லாம் வீண். அக்காவோ அம்மா பக்கம் திரும்பினாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்.

"படத்துல பாத்தாலும் நேர்ல பாத்தாலும் ஒண்ணுதானாம்மா?"

"ஒண்ணுதான்."

"அப்ப நான் பாத்தாச்சு. இனிமே என்ன? நனைஞ்சதுக்கப்புறம் முக்காடு எதுக்கு?"

சொல்லிவிட்டு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டாள். யார் சொல்லியும் வராத தைரியம் அம்மாவின் சட்டத்திலிருந்தே வந்துவிட்டது. நாங்கள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அம்மா பின்னாலேயே ஓடி வந்துவிட்டாள், ஒரு கையில் வேப்பங்கொத்து, இன்னொரு கையில் பீரோ சாவி. இரும்பு கூட இருக்க வேண்டுமாம்.

ஏரிக்கரையில் அப்போது விளக்கு எதுவும் கிடையாது. சித்திரை பிறந்துவிட்டதால் அது கொஞ்சம் மங்கியிருந்தது. ஆனாலும் தெரிந்தது. அக்கா வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "தெரியுதுடா" என்றாள், அவ்வளவுதான். பேசியது அம்மாதான். "இதுக்கா இத்தனை நாள் பயந்து உள்ள உக்காந்திருந்தோம்?" 'தோம்' என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகளைப் பார்க்கவிடாதவள் தானும் ஒருநாள்கூடத் தலை நிமிர்த்தவில்லை.

இரண்டு பேரையும் நிற்க வைத்து ஒரு படம் எடுக்க ஆசை வந்தது. கேமரா கழுத்தில் இருந்தது, ஸ்டாண்டு வீட்டு மாடியில் இருந்தது. கையில் பிடித்து எடுப்பதானால் பிளாஷ் போட வேண்டும். போட்டால் முகம் விழும், வால் நட்சத்திரம் விழாது. இத்தனை நாள் அலைந்ததெல்லாம் எதற்காக என்று ஒரு நொடி தோன்றியது. பிறகு பிளாஷைப் போட்டேன்.

லேப் பையன் இந்தப் படத்தைக் கேட்காமலே பெரிதாக்கிக் கொடுத்து, "இது போட்டோ சார்!" என்று பாராட்டினான். ஆனி மாதம் பெண் பிறந்தது, சுகப் பிரசவம். வேப்பங்கொத்துதான் காப்பாற்றியது என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த லேப் இருந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். முருகேசன் அண்ணன் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. ஏரிக்கரையில் நடைபாதையும் உயரமான விளக்குகளும் வந்துவிட்டன. ராத்திரி எட்டு மணிக்குக்கூடக் கீழே விழுந்த ஊசியைப் பொறுக்கலாம்.

மாடியிலிருந்து இறங்கி வந்து அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். முகம் விழ வேண்டும் என்றுதானே பிளாஷ் போட்டேன்? அக்கா மட்டும்தான் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் அமுக்கிய நொடியில் அம்மா திரும்பிவிட்டாள். அவளுடைய கொண்டையும் நிமிர்ந்த கழுத்தும் மட்டுமே விழுந்திருக்கின்றன. இன்னொரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல் வானத்தைப் பார்த்தபடி நிற்கிறாள். அவள் பார்க்கும் இடத்தில் படத்தில் வெறும் இருட்டு. அந்த இருட்டுகூட இப்போது அந்தக் கரையில் இல்லை.