அன்னாபிஷேகத்துச் சோறு

தப்பு என்னுடையது என்பதால், இதை எழுதப் பல வருடம் தயங்கினேன்.

மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சிவன் கோயில். ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகம் முடிந்து, சுவாமிக்குச் சாத்திய அன்னத்தில் தயிர் கலந்து மடப்பள்ளிக்காரர் கொடுத்துக்கொண்டிருந்தார். நரைத்த தாடி, கையெல்லாம் தீத்தழும்பு. யாருக்கும் குனிந்துதான் போடுவார்.

எனக்கு முன்னால் நின்ற, தெரு பெருக்கும் அம்மா, "நைனா, எனக்குக் கொஞ்சம் சோறு குடு" என்றாள்.

"கோயில்ல இன்னாம்மா சோறு? பிரசாதம்னு சொல்லு" என்று அதட்டினேன். அவள் பசியோடு வரிசையை விட்டு விலகினாள்.

மடப்பள்ளிக்காரர் கரண்டியை வைத்துவிட்டார். "சோறு கண்ட இடம் சொர்க்கம்னு ஏன் சொன்னான் தெரியுமா சார்? இன்னிக்கு ஈஸ்வரனே சோத்தைப் போத்திக்கினு கீறாரே, அதைக் கண்டுதான். அவருக்கு ஆவுது, உனக்கு அசிங்கமா?"

அவளைக் கூப்பிட்டுக் கொடுத்தார். எனக்குக் குனியாமல் போட்டார்.

என்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் தீரவில்லை. இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். என் அதட்டலை மறைக்காதீர்கள். சோறு என்ற சொல்லை மாற்றாதீர்கள்.